டர்போ இன்ஜின் ஓவர்ஹால்: தெருவில் பிக்கப் வேண்டுமென்றால் எந்த வழி?

ஆயில் குடிக்கிறது, ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் நீலப்புகை தள்ளுகிறது, ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் இறங்கிவிட்டது. இன்ஜினை எப்படியும் இறக்கியாக வேண்டும். இறக்கியதுதான் இறக்கினோம், கொஞ்சம் பெரிதாகவே செய்துவிடலாமே என்ற ஆசை வருவது இந்த இடத்தில்தான். கேள்விகளும் இங்கேதான் கிளம்புகின்றன. கம்பெனி அளவிலேயே சரிசெய்து விட்டுவிடலாமா? ஃபோர்ஜ்டு (அடித்துச் செய்த, உறுதியான) பிஸ்டன் போடலாமா? இன்ஜினின் கொள்ளளவைக் கூட்டும் ஸ்ட்ரோக்கர் கிட்? பெரிய டர்போ? இல்லை, பேசாமல் குறைவாக ஓடிய இன்னொரு இன்ஜினை வாங்கி மாட்டிவிடலாமா?

கேட்பவர்களில் பெரும்பாலோர் தேடுவது குதிரைசக்தியை அல்ல. மிதித்ததும் வண்டி இழுக்க வேண்டும். சிக்னலிலும் மேட்டிலும் வளைவை விட்டு வெளியே வரும்போதும் காத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் பட்டறையில் பேச்சு தொடங்குவதோ பிஸ்டனிலும் கனெக்டிங் ராடிலும். தெருவில் ஓடும் காரின் பிக்கப்பை முக்கியமாக முடிவு செய்பவை மூன்று: டர்போவின் (எக்ஸாஸ்ட் காற்றால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் கருவியின்) சக்கர அளவு, கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது), டியூனிங் (எரிபொருளையும் ஸ்பார்க்கையும் இன்ஜின் கணினியில் அமைப்பது). ஃபோர்ஜ்டு பாகங்கள் இன்ஜினுக்கு எடுத்து வைக்கும் இன்சூரன்ஸ். அவற்றைப் போட்டதால் மட்டும் வண்டி இம்மியும் முந்திக் கிளம்பாது. ஆகவே டர்போவை முதலில் தேர்ந்தெடுங்கள். அது கேட்கிற அளவுக்கு மட்டும் இன்ஜினைக் கட்டுங்கள்.

## பிரிப்பதற்கு முன்

பிக்கப் போய்விட்டது என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் பலவற்றில் இன்ஜின் நன்றாகவே இருக்கும். டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் ஒரு கிளாம்ப் தளர்ந்திருக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் மயிரிழை விரிசல் விட்டிருக்கும். டர்போவைச் சுற்றி எக்ஸாஸ்டை வெளியே விடும் வேஸ்ட்கேட் முழுதாக மூடாமல் இருக்கும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டிருக்கும். இவை எல்லாமே பூஸ்ட்டை, அதாவது டர்போ ஏற்றித் தரும் காற்றழுத்தத்தை, தாமதப்படுத்தும். ஒன்றுக்குக்கூட இன்ஜினை இறக்கத் தேவையில்லை.

எனவே முதலில் லீக்டவுன் சோதனை. சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று பாருங்கள். கசிவு 10 சதவீதத்துக்குள் இருந்தால் இன்ஜின் மீது சந்தேகம் வேண்டாம்; 20 சதவீதத்தைத் தாண்டினால் பிரிக்கத்தான் வேண்டும். கசிவது எங்கே என்பதைக் காது சொல்லிவிடும். ஆயில் ஊற்றும் வாயில் 'உஸ்' என்று கேட்டால் ரிங் அல்லது பிஸ்டன். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட், அல்லது ஹெட்டிலேயே விரிசல். இந்தச் சோதனையைச் செய்யாமலே ஓவர்ஹாலுக்கு விலை சொல்லும் பட்டறையிடம் வண்டியை விடாதீர்கள்.

## எதை வைத்து எடை போடுவது

பூஸ்ட் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது. இவை இரண்டும் வேறு வேறு. முழு ஆக்சிலரேட்டரில் பிடித்தே வைத்திருந்தாலும், ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்முக்குக் கீழே டர்போவால் பூஸ்ட் தர முடியாது. எக்ஸாஸ்ட் காற்றே போதாது. அது பூஸ்ட்டின் வாசல். அதற்கு மேலே ஓடும்போது மிதித்ததிலிருந்து பூஸ்ட் ஏறும்வரை ஆகும் நேரம்தான் லேக். வாசல் பிரச்சினைக்கு கியரை இறக்கினால் போதும். லேக் பிரச்சினையை கியரால் ஓரளவுக்குத்தான் மறைக்க முடியும்.

பூஸ்ட் இல்லாதபோது இன்ஜின் எப்படி இருக்கிறது. தெருவில் ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி ஆக்சிலரேட்டர் பாதிக்கும் கீழேதான் இருக்கிறது. அங்கே வண்டி மந்தமாக இருந்தால் மேலே எவ்வளவு சக்தி இருந்து என்ன?

சூடு. பத்து நொடி ஓட்டத்தில் தாங்குவதும் நெரிசலில் நின்று நின்று போன பிறகு ஒரு நீண்ட ஏற்றத்தில் தாங்குவதும் ஒன்றல்ல.

மறைவான செலவு. கிளட்ச், இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், கியர்பாக்ஸ், டியூனிங். பாகங்களின் பட்டியலில் இவை வராது, பில்லில் வரும்.

வண்டி எத்தனை நாள் நிற்கும். இதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. தினமும் வேலைக்குப் போக இந்த ஒரே வண்டிதான் என்றால், இதுதான் முதல் அளவுகோல்.

லேக் பற்றி ஒரு கணக்கு தெரிந்திருப்பது நல்லது. ஒரே வடிவம், ஒரே உலோகம் என்று வைத்துக்கொண்டால், டர்போ சக்கரத்தின் சுழல் நிலைமம் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறுகிறது. விட்டம் 10 சதவீதம் கூடினால் நிலைமம் சுமார் 1.6 மடங்கு, 20 சதவீதம் கூடினால் ஏறத்தாழ 2.5 மடங்கு. 'கொஞ்சம்தான் பெரிய டர்போ' என்று கடையில் சொல்லும்போது இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | பூஸ்ட் வரும் வேகம் | பூஸ்ட் இல்லாதபோது | சூடு தாங்குதல் | மறைவான செலவு | நிற்கும் காலம் |
|---|---|---|---|---|---|
| கம்பெனி அளவில் ஓவர்ஹால் | நல்லது | நல்லது | கம்பெனி வரம்புக்குள் நல்லது | குறைவு | நடுத்தரம் |
| வேறு இன்ஜின் மாற்றுதல் | பழையபடியே | பழையபடியே | வாங்கிய இன்ஜினைப் பொறுத்தது | கணிக்க முடியாது | மிகக் குறைவு |
| ஃபோர்ஜ்டு + நடுத்தர டர்போ | மிக நல்லது | நல்லது | மிக நல்லது | நடுத்தரம் முதல் அதிகம் | அதிகம் |
| ஸ்ட்ரோக்கர் | மிக நல்லது | மிக நல்லது | நல்லது | அதிகம் | அதிகம் |
| பெரிய டர்போ | மோசம் | சுமார் | கட்டுவதைப் பொறுத்தது | மிக அதிகம் | மிக அதிகம் |

## வழி 1: கம்பெனி அளவில் ஓவர்ஹால்

போரை (சிலிண்டர் துளையை) கடைந்து, புது பிஸ்டன், ரிங், பேரிங் போட்டு, ஹெட்டில் வால்வு வேலை பார்த்து, டர்போவுக்கு புது கார்ட்ரிட்ஜ் (சக்கரங்கள், தண்டு, பேரிங் சேர்ந்த நடுப்பகுதி) மாற்றுவது. கேட்க சப்பென்று இருக்கும். ஆனால் தேய்ந்துபோன டர்போவையும் கசியும் ரிங்குகளையும் வைத்துக்கொண்டு பல வருடம் ஓட்டியவருக்கு, புதிதாக வந்தபோது அந்த வண்டி எப்படி இழுத்தது என்பதே மறந்திருக்கும். சரியாகச் செய்தால் கிடைக்கும் மாற்றம் பெரியது.

கம்பெனி பிஸ்டனுக்கு ஒரு நன்மை உண்டு. அதில் சிலிக்கன் அதிகம். சூட்டில் குறைவாக விரியும். ஆகவே போருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடைவெளி குறைவாக வைக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சத்தம் இருக்காது, ஆயில் குடிக்காது, ரிங் நெடுநாள் உழைக்கும். அதன் பலவீனம் நாக்கிங், அதாவது டெட்டோனேஷன்: சிலிண்டருக்குள் கலவை சீராக எரியாமல் வெடிப்பது. அது வந்தால் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்து போகும்.

இந்த வழியில் ஆபத்து பேராசைதான். 'டர்போ அதேதானே, பூஸ்ட்டை மட்டும் கொஞ்சம் ஏற்றிக்கொள்கிறேன்' என்பார்கள். நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஆர்பி26 இன்ஜினில் சீக்கிரம் சுழல வேண்டும் என்பதற்காக எடை குறைந்த செராமிக் டர்பைன் சக்கரம் வைத்தார்கள். பூஸ்ட்டையும் சூட்டையும் ஏற்றினால் அந்தச் சக்கரம் உடைந்து சிதறும். கம்பெனி டர்போ எந்த வரம்புக்குச் செய்யப்பட்டது என்று தெரியாமல் அதைத் தாண்டக் கூடாது.

யாருக்கு: கம்பெனி சக்தியில் திருப்தி உள்ளவருக்கு, வண்டியைப் பல வருடம் வைத்திருக்கப் போகிறவருக்கு, புகைச் சோதனை விதிகள் கறாராக உள்ள இடத்தில் இருப்பவருக்கு.

## வழி 2: வேறு இன்ஜினை மாற்றுவது

வேகமான வழி, சில நேரம் மலிவான வழியும்கூட. ஆனால் நீங்கள் வாங்குவது இன்னொருவர் ஓட்டிய விதத்தை. மாட்டிய பிறகு சோதித்துப் பயனில்லை. வெளியே இருக்கும்போதே லீக்டவுன் பார்த்து, ஆயில் சம்பைக் கழற்றி, ஒரு ராட் பேரிங்கையாவது திறந்து பாருங்கள். எப்படியும் டைமிங் பெல்ட் அல்லது செயின், வாட்டர் பம்ப், எல்லா சீல்கள், கிளட்ச் ஆகியவற்றை அப்போதே மாற்றியாக வேண்டும். அவற்றையும் கூட்டினால் வழி 1-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடும்.

பிளாக்கில் விரிசல், கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சேதம் என்று பழைய இன்ஜினைக் காப்பாற்றவே முடியாதபோது இதுவே சரியான வழி. பிக்கப்பைக் கூட்டுவதற்காக இதைச் செய்ய வேண்டாம்.

## வழி 3: ஃபோர்ஜ்டு உள்பாகம், நடுத்தர டர்போ

'மிதித்தால் கிளம்பணும்' என்று கேட்பவர்களில் பெரும்பாலோர்க்கு நான் சொல்வது இதுதான், ஒரு நிபந்தனையோடு: டர்போவின் அளவு கம்பெனி டர்போவுக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

டர்போவிலிருந்து தொடங்குவோம். பால் பேரிங் கார்ட்ரிட்ஜில் உராய்வு குறைவு. கியர் மாற்றி மறுபடி மிதிக்கும்போது சாதாரண புஷ் பேரிங்கை விடச் சுறுசுறுப்பாக எழும். ஆனால் கெட்டுப்போனால் பெரும்பாலும் முழு கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டிவரும். ஆயிலும் குறைவாகத்தான் கேட்கும். பல மாடல்களில் உள்ளே வரும் குழாயில் 1 மி.மீ. அளவுள்ள துளையால் கட்டுப்படுத்த வேண்டும். அந்தச் சிறு துண்டைப் போட மறந்தால் ஆயில் சீலைத் தாண்டிப் புகையாக வரும். இன்ஜினே சரியில்லை என்று மறுபடி பிரித்துவிடுவார்கள். நான்கு சிலிண்டர் இன்ஜினாக இருந்தால் ட்வின் ஸ்க்ரோல் ஹவுசிங் (எக்ஸாஸ்ட் இரண்டு தனிப் பாதைகளில் வரும் டர்போ கூடு) கிடைக்கிறதா என்று பாருங்கள். 1-3-4-2 வரிசையில் எரியும் இன்ஜினில் 1, 4 ஒரு குழாயிலும் 2, 3 ஒரு குழாயிலும் போனால், ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் அடுத்ததன் மீது போய் முட்டாது. கீழ் ஆர்பிஎம்மில் பூஸ்ட் முந்தி வரும். மேனிஃபோல்டும் அதற்கேற்றபடி பிரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹவுசிங்குக்குக் கொடுத்த பணம் வீண்.

அடுத்து கம்ப்ரஷன். டர்போ என்றாலே கம்ப்ரஷனைக் குறைக்க வேண்டும் என்பது பழைய பாடம். நிசானின் எஸ்ஆர்20டிஇடி, டொயோட்டாவின் 2ஜேஇசட்-ஜிடிஇ போன்ற இன்ஜின்கள் 8.5:1 விகிதத்தில் வந்தன. டைரக்ட் இன்ஜெக்ஷன் (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுவது) வந்த பிறகு ஃபோக்ஸ்வேகனின் மூன்றாம் தலைமுறை இஏ888 இன்ஜினில் 9.6:1 வரை போனார்கள். 8.5-லிருந்து 9.5-க்கு ஏற்றினால் ஏட்டுக் கணக்கில் கிடைக்கும் திறன் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் அது பூஸ்ட் வருவதற்கு முன்பே, ஐடிலிலிருந்தே கிடைக்கிறது. கிடைக்கும் பெட்ரோலின் ஆக்டேன் இடம் கொடுக்குமானால், பிஸ்டன் மாற்றும் வேளையில் கம்ப்ரஷனைக் குறைக்காதீர்கள். தடிமனான கேஸ்கட் போட்டுக் குறைப்பது இன்னும் மோசம். ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே நெருக்கமாக இருக்க வேண்டிய ஓரப்பகுதி விலகிப்போய், நாக்கிங்குக்கு அதுவே வழிவிடும்.

பிஸ்டனில் இரண்டு உலோகக் கலவைகள் உண்டு. 2618 கலவையில் சிலிக்கன் மிகக் குறைவு. நாக்கிங்கைத் தாங்கும், ஆனால் அதிகம் விரியும். அதனால் இடைவெளி கூடுதலாக வைக்க வேண்டும், குளிரில் 'டக டக' என்று தட்டும், தேய்மானமும் அதிகம். 4032 கலவையில் சுமார் 12 சதவீதம் சிலிக்கன். விரிவு குறைவு, சத்தம் குறைவு. மிதமான பூஸ்ட்டில் தினமும் ஓடும் வண்டிக்கு 4032 போதும். பந்தயக்காரர் போடுவதைத்தான் போட வேண்டும் என்று 2618 வாங்குகிறவர்கள், தினமும் காலையில் அந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்தத் தயாராக இருக்க வேண்டும்.

ரிங் இடைவெளியை மட்டும் நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். ரிங்கைப் போருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜ் விட்டு அளப்பார்கள். தெரு டர்போவுக்கு மேல் ரிங்கில் போர் விட்டத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவுக்கு இடைவெளி வைப்பது வழக்கம், 86 மி.மீ. போரில் அது சுமார் 0.43 மி.மீ. பிஸ்டன் செய்தவர் வேறு அளவு கொடுத்திருந்தால் அதுவே வேதம். இடைவெளி குறைந்தால் சூட்டில் ரிங்கின் இரு முனைகளும் முட்டி, பிஸ்டனின் விளிம்பையே பிய்த்துவிடும். கொஞ்சம் கூடினால் ஆயில் சற்றுக் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று இதிலிருந்தே தெரியும்.

யாருக்கு: கம்பெனி அளவை விட மிதமாகச் சக்தி கூட்டி, மாதக்கணக்கில் வண்டி நின்றாலும் பொறுத்துக்கொள்ளக் கூடியவருக்கு.

## வழி 4: ஸ்ட்ரோக்கர்

இன்ஜினின் கொள்ளளவைக் கூட்டினால் அதே டர்போவுக்கு அதிக எக்ஸாஸ்ட் கிடைக்கும். பூஸ்ட்டின் வாசல் கீழே இறங்கும், பூஸ்ட் இல்லாதபோதும் இழுவை கூடும். பிக்கப்பை இன்ஜின் பக்கத்திலிருந்தே பெரிதாகக் கூட்டும் வழி இது.

மிட்சுபிஷி 4ஜி63 இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 85 மி.மீ. போர், 88 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 1997 சிசி. இதில் 4ஜி64 இன்ஜினின் 100 மி.மீ. ஸ்ட்ரோக் தரும் கிராங்கைப் போட்டால் சுமார் 2270 சிசி. 13 சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது. விலை எங்கே கொடுக்கிறோம்? 7500 ஆர்பிஎம்மில் பழைய கிராங்கில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 22 மீட்டர். புது கிராங்கில் 25 மீட்டர். பழைய வேகத்துக்குள்ளேயே நிற்க வேண்டுமானால் 6600-ல் கியர் மாற்ற வேண்டும். அதே 150 மி.மீ. ராட் வைத்தால் ராடுக்கும் ஸ்ட்ரோக்குக்கும் உள்ள விகிதம் 1.7-லிருந்து 1.5-க்கு இறங்கி, பிஸ்டன் போரின் பக்கச் சுவரை அதிகமாக அழுத்தும். அதிர்வும் கூடும்.

தெருவுக்கு 6600 ஆர்பிஎம் தாராளம் என்பது என் கருத்து. என்றாலும் கிராங்க், பிஸ்டன், பேலன்சிங், பிளாக்கில் ராட் உரசாமல் செதுக்குவது என்று லேத் வேலை நிறைய. வழி 3-ல் கிராங்க்கே கெட்டுப்போய், எப்படியும் புதிது வாங்க வேண்டும் என்றால் இதற்குத் தாவலாம். நல்ல கிராங்க்கைத் தூக்கி எறிந்துவிட்டுச் செய்யும் அளவுக்குப் பலன் எல்லா இன்ஜினிலும் இல்லை.

## வழி 5: பெரிய டர்போ

டைனோ (இன்ஜின் சக்தியை அளக்கும் கருவி) தரும் தாளில் அழகாக இருக்கும். 4500 ஆர்பிஎம்வரை ஒன்றும் இராது, அதன்பின் எல்லாம் ஒரேயடியாக வரும். ஈர ரோட்டில் வளைவின் நடுவே அது வந்தால் நல்லதல்ல. இன்ஜெக்டர், பம்ப், கிளட்ச், கியர்பாக்ஸ், ஆக்சில் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பலவீனமான கண்ணி உடைந்துகொண்டே வரும். எத்தனால் கலந்த ஈ85 எரிபொருள் தாராளமாகக் கிடைத்து, கனமான பெட்ரோல் சிஸ்டமும் போட முடிந்தால் லேக்கைச் சற்றுக் குறைக்கலாம். அதற்குக் கொள்ளளவில் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல் எரிபொருள் ஊற்ற வேண்டும். டிராக்கில் ஓட்டுபவருக்கு இது சரி. தெரு வண்டிக்கு என் பதில் 'வேண்டாம்'.

## எந்த வழியானாலும் பில்லில் வரும் சில வரிகள்

பேரிங் போன இன்ஜின் என்றால் அதன் உலோகத் தூள் ஆயிலோடு எல்லா இடத்துக்கும் போயிருக்கும். ஆயில் கூலருக்குள் புகுந்த தூளைக் கழுவி எடுத்துவிட்டேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மெல்லிய குழாய்களில் அது தங்கிவிடும், புது பேரிங்கை முதல் நாளே அரிக்கும். கூலரை மாற்றிவிடுங்கள். டர்போ சக்கரம் உடைந்திருந்தால் இன்டர்கூலருக்குள்ளும் துண்டுகள் இருக்கலாம்.

போர் ஹோனிங்கை (உள்சுவரைத் தேய்த்துச் சீராக்குவதை) டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலாக இறுக்கும் கனமான தகடு) மாட்டிச் செய்கிறார்களா என்று கேளுங்கள். ஹெட் போல்ட்டை இறுக்கும்போது போர் வட்டத்திலிருந்து சற்றே நெளியும்; அந்த நெளிவோடு ஹோன் செய்தால்தான் வண்டியில் ஏறியபிறகு வட்டமாக இருக்கும். பல அடுக்கு ஸ்டீல் ஹெட் கேஸ்கட் போடுவதானால் ஹெட்டின் பரப்பும் பிளாக்கின் பரப்பும் மிக நைசாக இருக்க வேண்டும். சாதாரண கேஸ்கட்டுக்குச் சரி என்று விட்ட பரப்பில் அது கசியும்.

கடைசியாக டியூனிங். இதற்கு ஒதுக்கிய பணத்தைத்தான் எல்லோரும் முதலில் பிஸ்டனுக்கு மாற்றிவிடுகிறார்கள். சிறிய டர்போ 2500 ஆர்பிஎம்மிலேயே முழு பூஸ்ட் தரும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். ராடை வளைப்பது பெரும்பாலும் இந்தக் கீழ் ஆர்பிஎம் டார்க்தான், மேலே வரும் குதிரைசக்தி அல்ல. டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் இதே இடத்தில், ஸ்பார்க் அடிக்கும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. 2018-ல் வந்த ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-ல் வந்த எஸ்பி ஆயில் தரங்கள் இதைக் குறைப்பதற்கென்றே சோதிக்கப்படுகின்றன. டப்பாவில் அந்த எழுத்துகளைப் பார்த்து வாங்குங்கள். டியூன் செய்பவரிடம் உச்ச சக்தியைக் கேட்காதீர்கள். 3000-க்குக் கீழே டார்க்கை எங்கே நிறுத்தப் போகிறார், பாதி ஆக்சிலரேட்டரில் எப்படி மேப் செய்வார், வெயிலில் உள்ளே வரும் காற்று சூடானால் ஸ்பார்க் டைமிங்கை எவ்வளவு பின்வாங்குவார் என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் சொல்பவர் கிடைக்கும்வரை இன்ஜினைப் பிரிக்க அவசரப்பட வேண்டாம்.